லொரெதானாவின் பன்னிரண்டு பாட்டு

நான்காவது செயற்கைக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த லொரெதானா சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள். பல்லை விரல் நுனியில் பிடித்தபடியே இடது காதைச் சத்தம் வரும் பக்கம் திருப்பினாள். மேசை மூலையில், பிளாஸ்டர் தூள் படிந்து வெளுத்துப்போன சின்ன ஸ்பீக்கரில் யாரோ ஒரு லித்துவேனியப் பெண், பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதுபோல அடங்கிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை லொரெதானா அசையவில்லை. முடிந்ததும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுவரில் தொங்கிய பல் டாக்டர் சங்கக் காலண்டரின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கினாள்.

பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்த நிவெஸ், "போச்சு. டாக்டர் போன் பண்ணி ஏன் பல்லு லேட்டுன்னு கேட்டா என்ன சொல்றது அக்கா? லித்துவேனியாக்காரங்க நல்லாப் பாடினாங்கன்னு சொல்லவா?" என்றாள்.

"சொல்லேன். அவரும் கேட்டுத் திருந்தட்டும்."

குரோவேஷியாவில் எங்கள் ரியேகா துறைமுகத்துக்கு மேலே, மூன்றாவது படிக்கட்டுத் தெருவில் இருக்கும் அந்த டென்டல் லேப்பில் லொரெதானா முப்பத்தாறு வருடமாகக் கேப்பும் பல் செட்டும் செய்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவள் கைப்பல்லில்தான் சிரிக்கிறார்கள். பாட்டை அவள் பல்லால்தான் அளப்பாள். ஒரு பாட்டைச் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு எத்தனை பல் தேய்க்க முடிகிறது என்பதே கணக்கு. "அது ஒரு பல் பாட்டு" என்றால் தீர்ந்தது, அதற்குமேல் அப்பீல் கிடையாது. மூன்று பல் தாங்கினால் மரியாதை. ஆனால் அவள் பட்டியலில் இடம்பிடிக்க அதுவும் போதாது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தவைக்க வேண்டும்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் நண்பர் கூட்டத்துப் பதினான்கு பேருடைய போனிலும் அந்தப் பட்டியல் வந்து விழும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: "இப்போ". பன்னிரண்டு பாட்டு, பதின்மூன்றாவதைச் சேர்த்ததே இல்லை. எல்லாம் புத்தம் புதியவை, பெரிய கம்பெனி எதன் கையும் படாதவை. சமையலறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்துப் பதிவு செய்தவர்கள், ஸ்கோப்யேவில் பகலில் பஸ் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் டிரம் அடிப்பவன், ஒரே பாட்டை மட்டும் வெளியிட்டுவிட்டுக் காணாமல் போன இரட்டையர்கள் என்று எங்கிருந்துதான் தோண்டி எடுப்பாளோ. புதிய பட்டியல் வந்ததும் பழையது அழிந்துவிடும். திங்கட்கிழமைக்கு முன்னால் அதில் ஒரு பாட்டையும் யார் காதிலும் விழ விடமாட்டாள், கெஞ்சினாலும் நடக்காது.

"லோரி, போன மாசம் மூணாவதா ஒண்ணு வந்துச்சே, அது யாரு பாடினது? மறந்துபோச்சு" என்று ஒருமுறை கேட்டேன்.

"மறந்துட்டியா? அப்ப அது உனக்கு வேண்டாம்."

பட்டியல் வந்த வாரச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஊரில் இருப்பவர்கள் கோர்சோ தெருவில் காபிக்குக் கூடுவோம். அங்கே ஒரு சட்டம் உண்டு. நன்றாயிருந்தது, பிடித்தது என்றெல்லாம் சொல்லக் கூடாது. "கேக்கும்போது எங்க நின்ன? அதச் சொல்லு" என்பாள். அதனால் எங்கள் இசை விமர்சனமெல்லாம் இப்படித்தான் இருக்கும்: இரண்டாவது பாட்டு வரும்போது மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்கிக்கொண்டிருந்தேன், மீன்காரி கூப்பிட்டதே காதில் விழவில்லை, ஒன்பதாவது பாட்டில் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன். ஸ்டாப்பைத் தவறவிட்டவருக்கு லொரெதானா காபி வாங்கிக் கொடுப்பாள்.

நான் எல்வியோ, கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் காகிதம் தள்ளுகிறவன். பள்ளியில் அவளுக்குப் பின் பெஞ்ச். எனக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பழைய பாட்டுகள்தான் வேண்டும். பதினெட்டு வயதில் கேட்டவை. ஒரு மாதமாவது, ஒன்றே ஒன்றையாவது சேர் என்று வருடக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறேன்.

"அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு லோரி."

"நானும் அங்கதான்டா இருந்தேன். கூரை ஒழுகிச்சு."

ஒழுகத்தான் செய்தது. எண்பத்து நான்கில், மூடிக் கிடந்த காகித ஆலையின் கிடங்கில் வாரம் ஒரு குழு வாசிக்கும். மேடைக்குப் பதில் நாலு மரத்தட்டு. ஊரில் மழைக்குப் பஞ்சமில்லை. கிதார்காரன் தலைக்கு மேல் ஒருவன் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் நனைந்துகொண்டே குதிப்போம். லொரெதானா மட்டும் குதிக்கமாட்டாள். தூண் ஓரமாக, அப்பாவின் பெரிய மழைக்கோட்டுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் காதில், "பாஸ் வாசிக்கிறவன் ஒரே ஒரு கம்பிய மட்டும் புதுசா மாத்தியிருக்கான், மூணாவது" என்றாள். பந்தயம் கட்டிவிட்டு மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன். அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "யாருடா சொன்னது?" என்றான். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் அவள் காதுக்கு எதிர்ப்பேச்சு இல்லை.

எண்பத்தாறில் என்னைக் கட்டாய ராணுவச் சேவைக்கு மாசிடோனியாவுக்கு அனுப்பினார்கள்; அப்போது எல்லாம் ஒரே யூகோஸ்லாவியா. அங்கே எனக்கு லொரெதானாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது: கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, உள்ளே சுருட்டி வைத்த ஒரு கேசட். மேலதிகாரி கேசட்டைப் பறிமுதல் செய்தார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, பின்பக்கம் இரண்டாவதாக வருவது எந்தக் குழு என்று தணிந்த குரலில் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கேசட்டை நாடா தேய்ந்து குரல் தண்ணீருக்குள் போனதுபோல ஆகும்வரை கேட்டேன். அப்போது நான் லொரெதானாவைக் காதலித்தேன். சொல்லவில்லை. அவள் வேறொருவனைக் கட்டி, பிரிந்து, தன் அம்மாவோடு வந்து தங்கி, அம்மாவும் போய்ச் சேர்ந்து, இத்தனையும் ஆகிவிட்டது. இன்றைக்கு அது காதலா, பழக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் ஒலிக்கும்போது பதினெட்டு வயதுப் பையனைப்போலத்தான் எடுக்கிறேன்.

அவளுடைய விசித்திரங்கள் இன்னும் உண்டு. யூகோ என்கிற தெற்குக் காற்று அடிக்கும் நாட்களில் பட்டியலைத் தொடமாட்டாள். இந்தக் கடற்கரையில் யூகோ அடித்தால் தலை வலிக்கும், மாவு பொங்காது, நல்ல குடும்பத்தில் சண்டை வரும் என்று எல்லோரும் நம்புகிறோம். டாக்டர்களே ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள். "யூகோல எல்லாப் பாட்டும் சோகமாத்தான் கேக்கும். அது பாட்டோட தப்பு இல்ல" என்பது அவள் கொள்கை. பாட்டுகளின் வரிசையைத் தீர்மானிக்க த்ர்சாத் கோட்டைக்குப் போகும் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஏறுவாள். மூச்சு வாங்கும் இடத்தில் எந்தப் பாட்டு கைகொடுக்கிறதோ அது ஐந்தாவது. ஏறி முடித்துக் கடலைப் பார்த்து நிற்கும்போது வருவது ஏழாவது. ஏழாவது பாட்டுதான் அந்த மாதத்துக்கே நாயகன்.

இந்த ஜூன் மாதப் பட்டியலில் ஏழாவதாக வந்தது லாபின் ஊரைச் சேர்ந்த "ஈரச் சுவர்" என்ற நால்வர் குழுவின் பாட்டு. சனிக்கிழமை காபியில் கொராதோ முந்திக்கொண்டான். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன், நரைத்த குதிரைவால், பேச ஆரம்பித்தால் மேடைப் பேச்சு.

"ஏழாவது! நான் பால்கனில துணி உலர்த்திக்கிட்டு இருந்தேன். ஒரு சட்டையைக் கையில பிடிச்சவன் பிடிச்சபடியே நின்னுட்டேன். அந்த விசில் இருக்கே, பாட்டு முழுக்க உச்சியில ஊசி மாதிரி ஒரு விசில். என்னா தைரியம்! கேக்கிறவனுக்கு எரிச்சல் வரணும்னே வச்சிருக்கான் பாரு. இதுதான்டா மாற்று இசை."

மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தி அதைத் தனிமையின் சத்தம் என்றாள். இன்னொருவர் மூடிய தொழிற்சாலைகளின் அழுகை என்றார். எனக்கு அது கெட்டுப்போன பிரிட்ஜ் மாதிரிதான் கேட்டது, ஆனால் இந்த மாதிரிப் பாட்டில் எது கோளாறு, எது கலை என்று வாயைத் திறந்து கேட்டு அசடு வழிய யாருக்கு மனசு வரும்? நானும் தலையாட்டினேன்.

லொரெதானா சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "எந்த விசில்?" என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஓ, அதுவா" என்று உடனே சிரித்தாள். "அதுக்காகத்தானே போட்டேன்." ஏற்கனவே சர்க்கரை போட்ட காபியில் இன்னொரு பொட்டலத்தைக் கொட்டிக் கலக்கினாள். கொராதோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். நான் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து லாபின்காரர்கள் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். பதிவில் ஏதோ ஒயர் கோளாறால் விசில் சத்தம் கலந்துவிட்டது, மன்னிக்கவும், சுத்தமான பதிவை மாற்றிவிட்டோம் என்று. எங்கள் போன் குழுவில் கலவரம் வெடித்தது. விசிலைக் கொன்றுவிட்டார்கள், பயந்தாங்கொள்ளிகள், பணத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்று கொராதோ மூன்று பத்தி எழுதினான். அயர்லாந்தில் வேலை பார்க்கும் ஒருவர் விசில் இருக்கும் பழைய பதிவு யாரிடமாவது உண்டா என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் லொரெதானா என்னை லேப்புக்கு வரச் சொன்னாள். நிவெஸ் சாப்பிடப் போயிருந்தாள். ஸ்பீக்கர் வழக்கத்தைவிட உரக்க அலறிக்கொண்டிருந்தது. ஏழாவது பாட்டு.

"இது புதுசு. பழைய பதிவ என் போன்ல இறக்கி வச்சிருந்தேன், அத இப்பப் போடுறேன். கேளு" என்றாள். போட்டாள். விசில் காதைக் குடைந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்வியோ, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு."

"இன்னிக்கு யூகோ அடிக்குது லோரி. காது அடைச்சிருக்கும்."

"பொய் சொல்லாதடா. வெளிய இலை அசையல."

அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவளிடம் சொத்து சுகம் ஒன்றும் கிடையாது. ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அந்தக் காதுக்குத்தான். அதை வைத்துத்தான் மாதாமாதம் பதினான்கு பேர் அவளை நம்புகிறோம். அந்த நம்பிக்கை மேசையிலிருந்து கீழே விழுந்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். "விசில் இருந்துச்சு. உச்சியில. முழுக்க. கெட்டுப்போன பிரிட்ஜ் மாதிரி" என்றேன்.

"கொராதோவுக்குக் கேட்டுச்சு. அந்தக் கழுதைக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேக்கல" என்றாள். பிறகு பாதியில் நின்ற பல்லை எடுத்து, தேய்க்காமலே டப்பாவில் வைத்து மூடினாள்.

காது சோதனைக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துப் பொத்தானைக் கையில் கொடுத்தார்கள். முதலில் விறுவிறுவென்று அழுத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் நின்றுவிட்டது. உள்ளே ஒலி ஏறிக்கொண்டே போவது வெளியே இருந்த கருவியின் திரையில் தெரிந்தது. அவள் சொன்ன பேச்சுக் கேட்கும் பள்ளிப் பிள்ளையைப்போலப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பத்தாறு வருடம் காதோரம் கிறீச்சிட்ட இயந்திரம் உச்சஸ்தாயியைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். வலது காதில் ரொம்ப, இடதில் கொஞ்சம் குறைவு. போனது திரும்பாது. காது மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும், பாட்டு கொஞ்சம் தகரம் தட்டினமாதிரிதான் கேட்கும், பழகிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் சிரித்தாள். "பல் செட் போட்டுக்கிட்டு ஆப்பிள் கடிக்க முடியலன்னு அழறவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்வேன், பழகிக்கோங்கன்னு. எவ்வளவு ஈசியாச் சொல்லிட்டேன் பாரு."

"லோரி..."

"கீழ எல்லாம் நல்லாத்தான் இருக்காம். தரைத்தளம் பத்திரமா இருக்கு. மாடிதான் போச்சு."

ஜூலை முதல் திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போன் ஒலிக்கவில்லை. ஏழேகாலுக்கு அதைக் கையில் எடுத்து, சத்தம் அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன். எட்டு மணிக்கு அயர்லாந்துக்காரர், "லோரிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஊரே விடுமுறை விட்டதுபோல இருந்தது அந்த வாரம். சனிக்கிழமை காபியில் எல்லோரும் வானிலை பற்றிப் பேசினோம். லொரெதானா வரவில்லை. விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள், நானும் சொல்லவில்லை.

அந்த வெற்றிடம் கொராதோவுக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு பட்டியல் போட்டான். பன்னிரண்டும் எங்கள் காலத்துப் பாட்டுகள். காகித ஆலைக் கிடங்கு, மழை, குடை, எல்லாம் அதில் இருந்தன. இத்தனை வருடம் நான் கெஞ்சிக் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. மூன்றாவது பாட்டுக்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரி எனக்கே தெரிந்திருந்தது. அந்தக் கிடங்கில் நின்றபோது அடுத்து என்ன வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதனால்தான் மழையில் நின்றோம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நாற்பது வருடம் கழித்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நானாகவே புரிந்துகொண்டேன். அதை லொரெதானாவிடம் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உனக்கு இவ்வளவு நாள் ஆச்சா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அலைதடுப்புச் சுவருக்கு வா. தொப்பி போட்டுக்க, வெயில் கொளுத்தும்."

துறைமுகத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குமேல் கடலுக்குள் நீளும் அந்தச் சுவரில் ஞாயிறு காலை பாதி ஊர் நடக்கும். பாதி தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் பழுப்பு நிறத்தில் மெஷின் தெரிந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "பேச்சுக்கு மட்டும்தான். பாட்டுக்குக் கழட்டிடுவேன்" என்றாள். கழற்றி, பல் செட் வைக்கிற நீல டப்பாவில் போட்டு மூடினாள். பையிலிருந்து ஒயர் வைத்த பழைய இயர்போனை எடுத்தாள்.

"நாளைக்கு ஆகஸ்ட் மாசத்து மொதத் திங்கக்கிழமை. பதினோரு பாட்டு இருக்கு, அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இது பன்னெண்டாவது. லேப்ல பல்லு தேய்க்கிற மெஷின நிறுத்த வச்சிருச்சு. ஆனா மேல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. ஒண்ணும் நடக்கலையா, இல்ல பிரிட்ஜ் கத்துதா?"

"திங்கக்கிழமைக்கு முன்னாடி யாருக்கும் காட்டமாட்டியே" என்றேன்.

என்னை முறைத்தாள். மெஷின் இல்லாமல் நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. ஒரு முனையை என் காதில் தானே செருகினாள், இன்னொன்றைத் தன் இடது காதில்.

"மேல ஏதாவது வந்தா கையத் தூக்கு. முடிஞ்சதும் இறக்கு. வாயத் திறக்காத."

தாழ்ந்த குரலில் ஒருவன் பாடினான். கிதார் சோம்பேறித்தனமாகக் கூடவே நடந்தது. இரண்டு நிமிடம் வரை ஒன்றுமில்லை. பிறகு, குரலுக்கு வெகு உயரத்தில், மெல்லிய மணிகளைப்போல ஏதோ தொடங்கியது. கோளாறு இல்லை, யாரோ ஒருவர் பொறுமையாக, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் வலது கையைத் தூக்கினேன்.

லொரெதானா என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை. என் முகத்தில் எதைக் கண்டாளோ, கடல் பக்கம் திரும்பிக்கொண்டு தன் கையையும் என் கை இருந்த உயரத்துக்கு மெல்லத் தூக்கினாள். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் எங்களைத் தெரிந்தவர்கள் என்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டினார். மணிகள் ஓய்ந்து நான் கையை இறக்கும்வரை, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தபடி, அவள் தன் கையை இறக்கவில்லை.